அந்தத் திரையை விலக்க விடுங்கள்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் டயாலிசிஸ் பிரிவின் கதவில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நோயாளிகள் தங்களுக்குள் சிகிச்சை பற்றிப் பேசக் கூடாது, நாற்காலிகளுக்கு நடுவே புதிதாகப் போட்ட திரைகளை விலக்கக் கூடாது, மாதம் ஒருமுறை நாங்கள் கூடி உட்கார்ந்த சின்ன அறை இனி கோப்புகளுக்கு. விவரம் உங்களுக்குத் தெரியும், கையெழுத்து உங்களுடையதுதான். அதைத் திரும்பப் பெறுங்கள் என்று நேரில் இரண்டு முறை கேட்டோம். பரிசீலிப்பதாகச் சொன்னீர்கள். இப்போது எழுத்தில் கேட்கிறேன்.

எழுத வைத்தது நேற்று, செவ்வாய்க்கிழமை, நடந்தது.

எட்டாம் நாற்காலிக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தயார் செய்த இடத்தில், அன்றுதான் முதல் ஊசி. அந்த ஊசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போடுவதைவிடப் பருமன், அதுவும் இரண்டு. ஒன்று ரத்தத்தை மெஷினுக்குக் கொண்டுபோக, மற்றது திருப்பிக் கொண்டுவர. செவிலியர் கை பழகியவர், நல்லவர். ஆனால் அந்த நேரத்தில் நான்கு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஊசி போட்டு, டேப் ஒட்டி, மெஷினை ஓட விட்டு, திரையை இழுத்து மூடிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

அப்புறம் அழுகை ஆரம்பித்தது. சத்தம் போட்டு அழவில்லை. போர்வையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு, அடக்க முடியாமல் மூச்சு வெடிக்கிற அழுகை. நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டு ஏழாம் நாற்காலியில் கிடந்தேன். கையை நீட்டினால் திரையைத் தொட்டுவிடலாம். ஒரு முறை தொட்டும்விட்டேன். “சார், ரூல்ஸ்…” என்றார் டெக்னீஷியன், என் முகத்தைப் பார்க்காமல். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் வேலை வேண்டும். வீட்டுக்குப் போன பிறகும் எனக்கு அந்த மூச்சுதான் கேட்டது.

திரையை விலக்கியிருந்தால் மட்டும் நான் என்ன பெரிதாகச் சொல்லியிருக்கப் போகிறேன்? ஆறு வருடத்துக்கு முன்னால் பக்கத்து நாற்காலிப் பெரியவர் எனக்குச் சொன்னதைத்தான். “தம்பி, கையைப் பார்க்காதீங்க, கூரையைப் பாருங்க. மொத்தம் 112 பலகை. நான் எண்ணிட்டேன், நீங்க சரிபாருங்க.” எண்ணினேன். 111தான் வந்தது. அடுத்த இரண்டு வாரம் எங்களுக்குள் இதே வழக்கு. அதில் ஊசி வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வலிக்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த முறை நான் உள்ளே வரும்போது, “என்ன தம்பி, எத்தனை?” என்று கேட்க ஓர் ஆள் இருந்தார்.

காலையில் எழுந்ததும் ஃபிஸ்டுலாமேல் விரல் வைத்து அந்த அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நின்றிருந்தால் உடனே இங்கே தகவல் சொல்ல வேண்டும் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். டாக்டரும் சொல்லியிருந்தார், நீங்கள் கொடுத்த அச்சுத் தாளிலும் இருந்தது. ஆனால் அந்தத் தாளை வாங்கிய அன்று என் மண்டையில் எதுவும் ஏறவில்லை. தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். அந்த ஒரு லிட்டரை ஒரு நாள் முழுக்க எப்படி இழுப்பது என்று சொன்னவர் அவர்: சின்னத் தம்ளர், வாய் கொப்பளித்துத் துப்புவது, ரொம்பத் தாங்காவிட்டால் ஓர் ஐஸ் கட்டி, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடம் பக்கத்தில் இருந்தார். வாரம் 3 முறை, முறைக்கு 4 மணி நேரம், வருடத்துக்கு 156 முறை. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வியாழக்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது. சனிக்கிழமை வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, பிற நோயாளிகளின் விவரத்தைச் சொல்ல இயலாது என்றார்கள். விதி அதுதான், சரி. மாதக் கூட்டத்துக்கு அவருடைய மனைவி வந்து, கடைசி வாரம் எப்படிப் போனது என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனார். அந்த அறையில்தான் இப்போது கோப்புகள் இருக்கின்றன.

நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். தனியுரிமை என்றீர்கள். என் நோய் என்னுடையது, அதை யாரிடம் சொல்வது என்பதும் என் விருப்பம். திரை வேண்டும் என்கிறவருக்குத் திரை இருக்கட்டும், யாரும் ஆட்சேபிக்கவில்லை. தவறான தகவல் பரவும் என்றீர்கள். உண்மைதான், நடந்திருக்கிறது. ஒருவர் ஏதோ மூலிகைப் பொடி கொண்டுவந்து, சிறுநீரகமே திரும்ப வேலை செய்யும் என்றார். “அதுல பொட்டாசியம் எவ்வளவு இருக்குன்னு தெரியுமா? முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று அவரை அடக்கியவர் மூன்றாம் நாற்காலி அம்மா. இப்போது பொடி கொண்டுவந்தவர் அதை யாரிடமும் சொல்லாமல் வீட்டில் வைத்துச் சாப்பிடலாம். சுற்றறிக்கையை மீறியதாகவும் ஆகாது.

இன்னொன்று. டயாலிசிஸ் ஓடும்போது ஊசி போட்ட இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், போர்வையால் மூடாதீர்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறீர்கள். ஊசி நழுவினால் சில நேரம் மெஷினுக்கே தெரியாது என்பதால்தான். போர்வை கூடாது, ஆனால் ஆளையே மறைக்கும் திரை பரவாயில்லையா? போன வருடம் ஐந்தாம் நாற்காலிக்காரருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சாய்ந்தபோது முதலில் கத்தியது மெஷின் இல்லை, ஆறாம் நாற்காலி.

பேசுவதால் மருத்துவப் பயன் உண்டா, ஆதாரம் இருக்கிறதா என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த விஷயத்தில் மார்பகப் புற்றுநோயாளிகளை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். நோய் பரவிய 86 பெண்களைக் கொண்டு டேவிட் ஸ்பீகல் குழு செய்த ஆய்வு 1989இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வாரந்தோறும் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பதினெட்டு மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்றது. இதை மட்டும் காட்டி உங்களை மடக்கலாம், ஆனால் அது நேர்மையில்லை. 2001இல் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு வந்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனக்கலக்கம் குறைந்தது, வலியின் கடுமை குறைந்தது. அதுவும் தொடக்கத்தில் ரொம்பக் கலங்கிப் போயிருந்தவர்களுக்குத்தான். எட்டாம் நாற்காலிக்கு நான் கேட்பதும் அவ்வளவுதான். அந்தக் குழுக்களில் பயிற்சி பெற்றவர்கள் உடன் இருந்தார்களே என்பீர்கள். எங்களுக்கும் ஒருவரை அனுப்புங்கள். வேண்டாம் என்றா சொன்னோம்?

நோயாளியை நோயாளி பார்த்துப் பேசுவது மருத்துவர்களுக்குப் பிடிக்காமல் போவதும் புதிதில்லை. அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு 1952இல் மார்பகத்தை அகற்றினார்கள். அதன்பின் அதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களின் படுக்கை அருகே போய் உட்கார்ந்து, கைக்குப் பயிற்சி தர ஒரு ரப்பர் பந்தும் கயிறும் கொடுத்துப் பேச ஆரம்பித்தார். அறுவை மருத்துவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அவருடைய திட்டத்தை எடுத்து நடத்தியது. இடையில் பதினேழு வருடம். எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை, மன்னிக்கவும்.

மனநலத்துக்கு ஏற்பாடு இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. நான்கு பக்கப் படிவம், அதற்கப்புறம் ஆறு வாரக் காத்திருப்பு. டயாலிசிஸில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வு இருக்கிறது என்று 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். நம் பிரிவில் அதை அளக்க ஓர் அட்டை வைத்திருக்கிறீர்கள்: ஐந்து முகங்கள், சிரிப்பிலிருந்து அழுகை வரை. நான் ஆறு மாதமாக நான்காவது முகத்தில் கோடு போட்டு வருகிறேன். போன வாரம் பதில் வந்தது. ‘உங்கள் கருத்துக்கு நன்றி.’ திரை வாங்கப் பணம் இருந்தது, இரண்டாம் நாற்காலியின் உடைந்த சாய்வுப் பிடியை மாற்ற எட்டு மாதமாகப் பணம் இல்லை. ஏசி குளிரில் ரத்தம் வெளியே ஓடிக்கொண்டிருப்பவன் இரண்டாவது போர்வை கேட்டால்… சரி, அது வேறு மடல். கேட்க வந்ததைக் கேட்டு முடிக்கிறேன்.

தயவுசெய்து அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். முழுவதையும் முடியாது என்றால், விரும்புகிறவர்கள் திரையை விலக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வரியாவது சேருங்கள். சின்ன அறையை மாதம் ஒரு மணி நேரம் எங்களுக்குத் திறந்துவிடுங்கள். கோப்புகளை நாங்களே ஓரமாக ஒதுக்கி, முடிந்ததும் இருந்தபடியே அடுக்கிவிடுகிறோம், ஃபிஸ்டுலா இல்லாத கையால்.

நாளைக் காலை அந்தப் பெண் மறுபடி எட்டாம் நாற்காலிக்கு வருவாள். நாளைக்குள் உங்களால் எதுவும் முடியாது என்று தெரியும். சனிக்கிழமைக்குள் பார்க்க முடிந்தால் நல்லது. கூரையில் 111தானா என்று சரிபார்க்க எனக்கும் ஓர் ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஏழாம் நாற்காலி, காலை ஷிஃப்ட்