பிங்க் லேடியைப் பார்க்கும்போது

அன்பு மகளுக்கு,

நீயும் உன் தோழியும் ஜோடியாகப் பாடி ஆடப்போவதாக எழுதியிருந்தாய். ஜப்பானின் பாட்டு-ஆட்ட ஜோடியான பிங்க் லேடியை ஒருமுறை கவனமாகப் பாருங்கள்.

மீ, கேய் இருவரும் ஷிசுவோகாவில் சேர்ந்து படித்தவர்கள். 'ஸ்டார் தஞ்சோ!' என்ற தொலைக்காட்சித் தேர்வில் அவர்கள் பாடியது அமைதியான ஃபோக் பாட்டு. 1976 ஆகஸ்ட் 25 அன்று முதல் பாட்டு 'பெப்பர் கெய்பு' வெளியானபோது ஆளே மாறியிருந்தார்கள். பாட்டு எழுதியவர் அகு யூ, மெட்டு தொகுரா ஷுன்இச்சி, ஆட்டம் தோய் ஹஜிமே. இந்த மூவர் கூட்டணிதான் அவர்களுடைய பெரிய வெற்றிகளுக்கு அடித்தளம். 'எஸ்.ஓ.எஸ்.' தொடங்கி 1978 கடைசியில் வந்த 'கமெலியன் ஆர்மி' வரை, தொடர்ந்து ஒன்பது இசைத்தட்டுகள் ஜப்பானின் விற்பனைப் பட்டியலான ஓரிகானில் முதலிடம்.

எப்படி என்றால், ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு படம். பறக்கும் தட்டு, கண்ணுக்குத் தெரியாத மனிதன், இடக்கையால் பந்து வீசும் பெண். அந்தப் படத்தைக் கைதான் வரையும். அதனால் பள்ளிப் பிள்ளைகள் தொலைக்காட்சி முன்னாலேயே நின்று ஆடிப் பழகினார்கள். பறக்கும் தட்டுப் பாட்டான 'யூஃபோ'வில் தலைக்குப் பின்னாலிருந்து எழும் கையைப் பார். தனியாக ஆடினால் முழங்கை சற்றுத் தாழ்ந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். பக்கத்தில் அதே அசைவைச் செய்ய ஒருத்தி இருந்தால் அந்தக் கணமே தெரிந்துவிடும். ஆகவே பயிற்சியைப் படம் பிடித்து, ஒவ்வொரு எண்ணிக்கையிலும் நிறுத்தி, இரண்டு முழங்கைகளின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். கால்கள் அப்புறம்.

சறுக்கியதையும் சொல்லவேண்டும். 1978 டிசம்பர் 31 இரவு என்.எச்.கே. தொலைக்காட்சியின் பாட்டு நிகழ்ச்சியான 'கோஹாகு' மேடைக்குப் போகாமல், வேறு அலைவரிசையில் தங்கள் சொந்த நிகழ்ச்சியை வைத்தார்கள். வருடக்கடைசி இரவில் ஊரே பார்க்கும் நிகழ்ச்சிக்கு எதிரே நின்றால் யார் பார்ப்பார்கள்? பிறகு அமெரிக்கா. 1979இல் 'கிஸ் இன் த டார்க்' பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 37ஆம் இடம் வந்தது, சாதாரணமல்ல. ஆனால் 1980இல் அங்குள்ள என்.பி.சி. தொலைக்காட்சி தந்த நகைச்சுவை நிகழ்ச்சிக்கு இருவருக்கும் ஆங்கிலம் போதவில்லை. வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்தார்கள். பாட்டில் அது ஓரளவு செல்லும், தாளம் தாங்கிப்பிடிக்கும். நகைச்சுவையில் எதிராளியின் சொல் புரிந்தால்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். ஐந்து வாரம்தான் ஒளிபரப்பானது. நல்ல ஆட்டக்காரிகளைப் பேச உட்கார வைத்தது யார் யோசனையோ!

1981 மார்ச் 31, டோக்கியோவின் கொராகுஎன் மைதானத்தில் குளிர்மழையில், பிரியுமுன் கடைசி நிகழ்ச்சி. 'சவுத்போ' பாட்டில் வரும் ஒன்றாம் எண் பேஸ்பால் வீரர் ஓ சதஹாரு ஆடிய மைதானம் அது.

2010 செப்டம்பர் 1 அன்று, பிரிவை அறிவித்து முப்பது ஆண்டு கழித்து, 'பிரிவு இனி இல்லை' என்றார்கள். அதற்குப் பிந்தைய 'யூஃபோ' காட்சியையும் 1977இன் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை ஒலியை அணைத்துவிடுங்கள்.

அன்புடன்,
அம்மா