பத்தூர் நடராசரும் கல்யாணபுரத்துத் துவாரபாலகரும்

கும்பகோணம்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் மார்கழித் திருவாதிரைக்கு இரண்டு நாள் முன்னதாக வந்து சேர்ந்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் எழுதவும் படிக்கவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது. இப்போது பார்வை தெளிந்துவிட்டது, வீட்டில் அனைவரும் நலம். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சோழர் கால நடராசரின் முன்னால் அரை மணி நேரம் நின்றதாகவும், இந்தியா என்ற நாடே இல்லாத காலத்தில் வார்த்த ஒரு திருமேனியை எந்த நியாயத்தில் இந்தியாவுக்குச் சொந்தம் என்கிறோம் என்ற கேள்வி அப்போது எழுந்ததாகவும் எழுதியிருந்தாய். ஒரு மாதமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நீ குடியிருக்கும் லண்டனிலேயே இதற்கு ஒரு பதில் சொல்லப்பட்டிருக்கிறது. பத்தூர் நடராசர் வழக்கு உனக்கு நினைவிருக்கும். 1976இல் குடவாசலை அடுத்த பத்தூரில், இடிந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலின் அருகே, மண்ணைத் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளியின் கையில் அந்தச் செப்புத் திருமேனி அகப்பட்டது. அது கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர, 1982இல் பம்ப்பர் டெவலப்மென்ட் என்ற கனடா நிறுவனம் இரண்டரை இலட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிறகு லண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது. வழக்கில் இந்திய அரசு வந்தது, தமிழ்நாடு அரசு வந்தது. அவற்றோடு அந்த இடிந்த கோயிலும், அங்கே எஞ்சியிருந்த சிவலிங்கமும் உரிமை கோரி வந்து நின்றன. பத்தூரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு இது ஒரே கூட்டத்தைச் சேர்ந்ததா என்று மண்ணையும் உலோகத்தையும் கறையான் படிவையும் வைத்து அறிஞர்கள் வாதாடினார்கள், நம் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியும் போய்ச் சாட்சி சொன்னார்.

நான் உன் முன்னால் வைக்க விரும்புவது தீர்ப்பின் போக்கை. வென்றது கோயில். 12ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலை எடுப்பித்தவரின் சமய நோக்கம் இன்னும் அழியவில்லை என்றும், பூசையற்றுக் கிடந்தாலும் அந்த லிங்கத்தில் அது நிலைத்திருக்கிறது என்றும் ஆங்கிலேய நீதிபதி ஒருவர் ஏற்றுக்கொண்டார். ஆங்கிலச் சட்டப்படி ஒரு கற்குவியலுக்கு வழக்காடும் தகுதி கிடையாது. ஆனாலும் இந்தியச் சட்டம் கோயிலை உரிமையுள்ள ஓர் ஆளாகக் கருதுவதால் அதை மதிக்க வேண்டும் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வைத்த நிவந்தம் என்னும் அறக்கொடை தேம்ஸ் நதிக்கரையில் செல்லுபடியானதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆகவே, ஒரு கலைப்படைப்பு நாட்டுக்குச் சொந்தமாவது நேரடியாக அல்ல என்று நான் நினைக்கிறேன். முதலில் அது ஓர் ஊரின் கடமைக்குச் சொந்தம். அதை நீராட்ட வேண்டும், அதற்கு அமுது படைக்க வேண்டும், விளக்குக்கு எண்ணெய் வார்க்க வேண்டும், விழா நாளில் தோளில் சுமக்க வேண்டும். அந்தக் கடமை ஊராரிடம் நிற்கும் வரையில், அவர்களுக்காக வாதாடும் உரிமை நாட்டுக்கு உண்டு. அந்த ஊரை மறந்துவிட்டு, "எங்கள் பெருமை" என்று மட்டும் ஒரு நாடு கேட்குமானால், அந்தக் கோரிக்கைக்கும் அருங்காட்சியகத்தின் கோரிக்கைக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

இப்படிச் சொல்லும்போதே என் கட்சிக்கு எதிரான ஒரு சான்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். போன ஐப்பசியில் பேரனைத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே கருங்கல்லில் ஒரு துவாரபாலகர் நிற்கிறார்; முன்பு தாராசுரத்தில் இருந்தவர். உடலமைப்பும் அணிகலன்களும் சோழர் வேலையாக இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். பீடத்தில் தமிழ் எழுத்து. விசயராசேந்திர தேவர் கல்யாணபுரத்தை "எறிந்து கொடுவந்த" துவாரபாலகர் என்று அதில் வெட்டியிருக்கிறது. அந்தப் பட்டம் பூண்ட சோழ மன்னன் முதலாம் இராசாதிராசன் 11ஆம் நூற்றாண்டில் சாளுக்கியத் தலைநகரான கல்யாணபுரத்தை அழித்து எடுத்துவந்த வெற்றிப் பொருள். பேரன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்படின்னா இதைத் திருப்பிக் கொடுக்கணும்தானே தாத்தா?" என்று கேட்டான். இன்று பசவகல்யாண் எனப்படும் அந்தக் கர்நாடக ஊரில் அவர் காத்த வாசல் இன்றும் நின்று, அங்கே ஒருவர் விளக்கேற்றிக்கொண்டிருந்தால், கொடுக்கத்தான் வேண்டும் என்று சொன்னேன். அந்த வாசல் இல்லை என்பதை அவனிடம் சொன்னபோது என் குரலில் நிம்மதி இருந்தது. அது நியாயமான நிம்மதிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதைவிட வருத்தமானது ஊர் திரும்பியவர்களின் நிலை. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய, திருட்டுப்போன ஸ்ரீபுரந்தான் நடராசர், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய நிழற்படங்கள் துணைநிற்க, 2014இல் நாடு திரும்பினார். வந்து சேர்ந்தது, கோயில் திருமேனிகளைப் பாதுகாத்து வைக்கும் கும்பகோணம் காப்பகத்துக்கு. பத்தூர் நடராசரையும் பாதுகாப்புக் கருதித் திருவாரூர்க் காப்பகத்தில்தான் வைத்தார்கள். திருடர்களை நினைத்தால் வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் அயல்நாட்டிலிருந்து மீட்டவரை இங்கே இரும்புக் கதவுக்குள் வைப்பதோடு கடமை முடிந்ததென்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

எங்கள் ஊர் நடராசரும் பல ஆண்டுகளாகக் காப்பகத்தில்தான் இருக்கிறார். திருவாதிரை அன்று விடியற்காலையில் இரண்டு காவலர்களோடு வேனில் வந்து இறங்கினார். சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் குருக்கள் முதலில் செய்தது, தூக்கிய திருவடியின் விரல்களில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை நகத்தால் மெல்ல எடுத்ததுதான். பல நூறு ஆண்டு அபிஷேகத்தில் மூக்கும் இதழும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. சந்தனக் காப்பு இட்டபோது அந்தத் தேய்மானம்கூட ஓர் அழகாகத் தெரிந்தது. நான்கு வீதியும் புறப்பாடு நடந்தது. மாலை ஐந்து மணிக்கு மறுபடியும் வேன் புறப்பட்டபோது, எங்கள் தெருவின் மூத்த அம்மாள் ஒருவர் கற்பூரம் ஏற்றிவிட்டு, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் போல வாசலிலேயே வெகுநேரம் நின்றார்.

அடுத்த முறை அந்த அருங்காட்சியகத்துக்குப் போகும்போது நடராசரின் முகத்தை மட்டும் பார்க்காதே. பீடத்தின் பக்கவாட்டில் குனிந்து பார். தண்டு செருகித் தூக்குவதற்கான துளைகளோ வளையங்களோ இருக்கின்றனவா, அவற்றின் விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
கணேசன்