குறுக்குத்துறைக்கு ஆள் சேர்த்துத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நெல்லைவாசிகளுக்கு,

வணக்கம். தாமிரபரணி ஆற்றில், குறுக்குத்துறை முருகன் கோயிலை ஒட்டிய படித்துறையையும் கரையையும் சுத்தம் செய்யும் பணி நல்லபடியாக முடிந்தது. கார் பருவ நெல் சாகுபடிக்காக ஜூன் மாதம் பாபநாசம் அணையைத் திறந்து ஆற்றில் தண்ணீர் கூடுவதற்குள் முடித்தாக வேண்டும் என்றிருந்தோம், முடித்துவிட்டோம். ஆற்றில் இறங்கிப் பாடுபட்டவர்களுக்கு அங்கேயே கைகூப்பி நன்றி சொன்னோம். ஆனால் அவர்களை அங்கே வரவழைத்தவர்களில் பலர் அன்று படித்துறையில் இல்லை. அவர்களுக்காகவே இந்த மடல்.

முதல் வணக்கம் நாளிதழ்களின் உள்ளூர் நிருபர்களுக்கு. நாங்கள் கொடுத்த குறிப்பில் பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் பொருநையின், அதாவது நம் தாமிரபரணியின், பெருமை நிறைய இருந்தது. அதை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருந்தால் ஒரு நிருபரின் வேலை அன்று சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. தொலைபேசியில் அழைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தப் படிக்கட்டுப் பக்கம் கூட வேண்டும்? காலை எத்தனை மணி? பிள்ளைகளை அழைத்து வரலாமா? தண்ணீருக்குள் கண்ணாடி கிடக்குமே, காலில் என்ன போட்டு வரச் சொல்கிறீர்கள்? மறுநாள் வந்த செய்தி சின்னதுதான். ஆனால் அதைப் படித்தவருக்கு எங்களிடம் கேட்க மிச்சம் எதுவும் இல்லை. பழைய செருப்போ ஷூவோ அணியாமல் ஆற்றில் இறங்க வேண்டாம் என்ற ஒரு வரியை அவர் சேர்த்திருந்தார். படித்துறை ஓரம் அவ்வளவு உடைந்த பாட்டில்களை அள்ளியும் யார் காலிலும் கண்ணாடி குத்தவில்லை என்றால், அந்த ஒரு வரிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொரு நாளிதழின் உதவி ஆசிரியர் செய்ததை எத்தனை முறை சொன்னாலும் தகும். நம் ஊரில் பேப்பரைப் பிரித்ததும் கண் தேடுவது அணைகளின் நீர்மட்டத்தை. பாபநாசம் எத்தனை அடி, சேர்வலாறு எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று, ஒரு சென்ட் வயல் இல்லாதவர்களும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் புரட்டுவார்கள். அந்தப் பெட்டிச் செய்திக்கு நேர் கீழே எங்கள் அறிவிப்பை வைத்தார் அவர். ஆற்றைப் பற்றி அன்றாடம் கவலைப்படுகிறவர்களின் கண்ணில் அது விழுந்தது. அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சொந்த அரிவாளோடு வந்த விவசாயிகளைப் பார்த்தபோதுதான் அந்த இடத்தின் அருமை எங்களுக்கு முழுதாகப் புரிந்தது.

அந்த அரிவாள்கள் இல்லாவிட்டால் துணிகளை எடுத்திருக்கவே முடியாது. ஆற்றில் ஊறிக் கிடக்கும் சேலை ஒன்றைப் பிடித்து இழுத்தால் அது தனியாக வராது. முந்தானையில் ஒரு வேட்டி முறுக்கிக்கொண்டிருக்கும். வேட்டிக்குள் ஆகாயத்தாமரை வேரோடியிருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் மணல் இறுகிப் போயிருக்கும். நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. அறுத்து, இழுத்து, மறுபடி அறுத்துத்தான் கரையேற்ற வேண்டும். ஈமக் கடனுக்கும் பரிகாரத்துக்கும் உடுத்திய துணியை ஆற்றோடு விடுவது வெகுகால வழக்கம். அந்நாளைய பருத்தித் துணி காலப்போக்கில் மட்கிவிடும். இன்றைய பாலியஸ்டர் மட்காது.

இதை எழுதுவது எளிதல்ல. யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்திவிடக் கூடாது. செய்தி எழுதியவர் கரையில் சடங்கு செய்துவைக்கும் பெரியவர்களிடமே போய்ப் பேசி, துணியைக் கரையிலேயே ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று அவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதினார். நாங்கள் சொல்லியிருந்தால் உபதேசமாகப் போயிருக்கும். அவர்கள் வாயால் வந்ததால் ஊர் கேட்டது.

வானொலி நண்பர்களுக்கு அடுத்த நன்றி. எழுதி வைத்துப் படிக்காமல், நம் பேச்சிலேயே சொல்லுங்கள் என்று எங்களை உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். அதைக் கேட்டுவிட்டு, பல ஆண்டுகளாக அந்தத் துறையில் துணி வெளுக்கும் அம்மா ஒருவர் வந்தார். எந்தக் கல்லுக்குப் பின்னால் குப்பை ஒதுங்கும், எந்த இடத்தில் கால் வைத்தால் ஆழம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அன்று முழுவதும் அவர் சொன்ன இடத்தில்தான் நாங்கள் இறங்கினோம்.

திரையின் அடியில் எங்கள் வரியைக் காசு வாங்காமல் ஓடவிட்ட உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியாருக்கும், விடியற்காலையில் ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் எங்கள் நோட்டீஸைச் செருகி வீடு சேர்த்த பேப்பர் போடும் தம்பிகளுக்கும், மேலப்பாளையத்தில் ஜும்ஆவுக்குப் பிறகும் பாளையங்கோட்டையில் ஞாயிறு ஆராதனை முடிந்தும் அறிவித்தவர்களுக்கும், கோயில் ஒலிபெருக்கியில் சொன்னவர்களுக்கும், விலைப்பட்டியலை அழித்துவிட்டுக் கரும்பலகையில் தேதியை எழுதிய டீக்கடை அண்ணாச்சிக்கும் மனமார்ந்த நன்றி.

புகைப்படக்காரர் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேனரைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வரிசையாக நிற்பதை எடுத்துவிட்டு அவர் கிளம்பியிருக்கலாம். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் வந்தார். மறுநாள் அச்சில் வந்தது, சேறு வழியும் சேலையை இழுக்கும் இரண்டு கைகள். முகம் தெரியாத படம். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை எப்போது என்று கேட்டு வந்த அழைப்புகள் இன்னும் நிற்கவில்லை.

பணி முடிந்த பிறகும் எங்களை விடாத நிருபர் ஒருவர் உண்டு. அள்ளிய குப்பை எங்கே போகிறது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பின் கரை மரங்களில் துணியும் நெகிழியும் தொங்கியதைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். கரையில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த வெள்ளம் அதைத் திரும்ப ஆற்றுக்குள் கொண்டுபோய்விடும். மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் வண்டியோடு வந்து, ஈரத் துணியின் கனத்தையும் நாற்றத்தையும் பாராமல் ஏற்றிச் சென்றார்கள். கரை காலியானதையும் நேரில் பார்த்து அவர் செய்தி போட்டார். அந்தத் தொழிலாளர்களுக்கு எங்கள் வணக்கம்; அவர்களின் உழைப்பை அச்சில் ஏற்றியவருக்கும்தான்.

நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களுக்குக் குடிதண்ணீர் இந்த ஆறுதான். கொக்கிரகுளம், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, மணிமூர்த்தீஸ்வரம் என்று இன்னும் எத்தனையோ இடங்கள் காத்திருக்கின்றன. அடுத்து சிந்துபூந்துறைக்குப் போகலாம் என்பது பெரும்பாலோர் விருப்பம். ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் தேதி முடிவாகும்; அணை நீர்மட்டத்துக்குக் கீழேயே அறிவிப்பு வரும் என்று உதவி ஆசிரியர் இப்போதே வாக்குக் கொடுத்திருக்கிறார். கையுறைகளும் சாக்குகளும் மீதி இருக்கின்றன. அதற்குள் உங்கள் தெருப் பக்கத்துப் படித்துறையில் நீங்களே தொடங்குவதாக இருந்தால் வாங்கிக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
குறுக்குத்துறையில் கூடிய தன்னார்வலர்கள் சார்பாக