செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

நம்ம அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். இத பொதுக்குழுவுல படிக்கறதா இருந்துச்சு, ஆனா கோரம் (கூட்டம் நடத்த தேவையான ஆள் எண்ணிக்கை) சேராம அரை மணி நேரம் ஒத்தி வெச்சு, அப்புறம் பார்க்கிங் பேச்சுலயே நேரம் போயிடுச்சு, அதனால குரூப்ல எழுதிப் போடறேன்.

சம்ப்பும் ஓவர்ஹெட் டேங்க்கும் ரெண்டு தடவ கழுவியாச்சு. லிஃப்ட் ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிச்சாச்சு. ஆகஸ்ட் 15 கொடியேத்தம், பொங்கல் நல்லபடியா நடந்துச்சு. கோடைல மெட்ரோ வாட்டர் லாரிக்கு செலவு கூடிடுச்சு.

இந்த வருஷம் உருப்படியா நடந்த பெரிய வேலைன்னு நான் சொல்றது பேங்க் ஸ்டேட்மென்ட்ட ஆக்சஸ் (மைக்ரோசாஃப்ட்டோட டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) டேட்டாபேஸ்ல தானா ஏத்தற ஏற்பாடு. "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றார்"னு சில பேர் சொன்னதா கேள்விப்பட்டேன், அதனால விவரமாவே சொல்றேன். முன்னாடி மாசா மாசம் ஸ்டேட்மென்ட் சிஎஸ்வி ஃபைல (கமா போட்டு பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் ஃபைல்) எக்செல்ல தொறந்து, காப்பி பண்ணி, ஒட்டி, எந்த வீடு கட்டினாங்கன்னு ஒவ்வொரு வரியா பாக்கணும். எக்செல்ல தொறந்தாலே யூபிஐ ரெஃபரன்ஸோட 12 இலக்கம் 4.12E+11ன்னு சுருங்கிடும், அப்படியே சேவ் பண்ணா மீதி இலக்கம் போயே போச்சு. கட்டினவர் ரசீது கேட்டு வந்தா தேடவே முடியாது. தேதி இன்னும் மோசம், 05/04ன்னா நமக்கு ஏப்ரல் 5, கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கத்துல மே 4ன்னு எடுத்துக்கும், ஆனா 13/04 மட்டும் 13வது மாசம் இல்லாததால தேதியா மாத்தாம அப்படியே விட்டுடும், பாக்க சரியா தெரியும், பாதி சரி பாதி தப்புன்னா யாருக்கு சந்தேகம் வரும்?

இப்ப எக்செல் நடுவுலயே கெடையாது. சிஎஸ்விய ஒரு ஃபோல்டர்ல போட்டா போதும், குறிச்ச நேரத்துல வேலைய தானா ஆரம்பிக்கற விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் ஆக்சஸ தொறந்து மேக்ரோவ (முன்னாடியே எழுதி வெச்ச கட்டளைகள) ஓட்டும், தலைப்புக்கு மேல பேங்க் போடற முகவரி, அக்கவுண்ட் நம்பர் வரியெல்லாம் தள்ளிட்டு, எல்லாத்தயும் வெறும் டெக்ஸ்ட்டா ஒரு தற்காலிக டேபிள்ல எடுத்துக்கும். தேதியை நாள்-மாசம்-வருஷம்னு பிரிச்சு மாத்தறது அதுக்கப்புறம்தான். ஒரே ஃபைல ரெண்டு தடவ போட்டாலும் வரவு ரெண்டா ஏறாது, ஏன்னா ரெஃபரன்ஸ், தேதி, தொகை, பேலன்ஸ் நாலும் சேந்து ஒரு தடவதான் வரலாம்னு இன்டெக்ஸ் போட்டிருக்கு (ரெஃபரன்ஸ் இல்லாத வரிக்கு ஒரு கோடு போட்டுடுவோம், காலியா விட்டா இன்டெக்ஸ் கண்டுக்காது). எனக்கு ரொம்பப் பிடிச்சது கடைசி செக்: ஆரம்ப இருப்போட வரவ கூட்டி, செலவ கழிச்சு வர்ற தொகை ஸ்டேட்மென்ட்டோட கடைசி பேலன்ஸோட ஒத்து வரலேன்னா ஒரு வரி கூட உள்ள போகாது, எல்லாம் திரும்பிடும். ஆக்சஸ் ஃபைல் 2 ஜிபி வரைக்கும் தாங்கும், நம்ம கணக்குக்கு அது தாராளம். டவுன்லோட் மட்டும் ஒரு ஆள் செய்யணும், பேங்க் ஓடிபி கேக்கும்.

இவ்வளவு செஞ்சும் மாசா மாசம் சில வரவு "யாருன்னு தெரியல" லிஸ்ட்ல நிக்குது. ரிமார்க்ஸ்ல வீட்டு நம்பர் போடுங்கன்னு எத்தன தடவ கேட்டாச்சு. வெளிநாட்டுலேர்ந்து பையன் அனுப்பறார், இல்ல மருமகன் கம்பெனி அக்கவுண்ட்லேர்ந்து வருது, அந்தப் பேர் நம்ம லிஸ்ட்ல எங்க இருக்கும்? ஒரு தடவ சொல்லிட்டீங்கன்னா அந்தப் பேர அந்த வீட்டோட இணைச்சுடுவேன், அடுத்த மாசத்துலேர்ந்து தானா பொருந்திடும். அது கூட சொல்லாதவங்கதான் "நான் கட்டிட்டேனே, பாக்கின்னு ஏன் போட்டீங்க"ன்னு லிஃப்ட் வாசல்ல சத்தம் போடறாங்க. கட்டாதவங்க கத வேற. சில வீடு வருஷக்கணக்குல மெயின்டனன்ஸ் பாக்கி. முன்னாடி கணக்கு தெளிவில்லேன்னு சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப எந்த மாசம் எவ்வளவுன்னு பட்டன அமுக்கினா வந்து நிக்குது, இனிமே அந்தக் காரணம் செல்லாது.

வரவு செலவு மொத்தத்துல சமாளிக்கிற நிலைலதான் இருக்கு, கார்ப்பஸ் ஃபண்ட்ட (பொதுவா சேத்து வெச்ச நிதி) தொடல. ஆடிட்டர் கையெழுத்து போட்ட ஸ்டேட்மென்ட் நோட்டீஸ் போர்டுல இருக்கு.

பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள், வாட்ச்மேன், ஹவுஸ்கீப்பிங் பொண்ணுங்க எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நான் தொடர்வேனான்னு கேக்கறாங்க. உடம்பும் வீட்டுச் சூழ்நிலையும் பாத்துதான் சொல்லணும். ஆனா இந்த இம்போர்ட்ட தெரிஞ்சவர் நான் ஒருத்தர் மட்டும்னு இருக்கறது அசோசியேஷனுக்கு நல்லதில்ல, பேங்க் ஸ்டேட்மென்ட்ல ஒரு பத்திய (column) இடம் மாத்தினாலே யாராவது உக்காந்து சரி பண்ணணும். எல்லாம் தமிழ்ல எழுதி ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே வெச்சிருக்கேன். அடுத்த ஸ்டேட்மென்ட் ஏத்தற ஞாயித்துக்கெழம காலைல ஆபீஸ் ரூம்ல இருப்பேன், கம்ப்யூட்டர் வேலை பாக்கற பசங்க இத்தன பேர் நம்ம பிளாக்ல இருக்கீங்க, ரெண்டு பேராவது வாங்க, வரும்போது பாக்கி இருந்தா அதயும் கட்டிடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்