மனு போடுவதற்கு முன் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று இரவு நீ போனில் கேட்டதற்கு அரைத் தூக்கத்தில் "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். போனில் பேசினால் பாதியிலேயே உனக்குக் கோபம் வரும், எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும். அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதக் காரணம், இந்த வருடம் இதே கேள்வியோடு வந்த நாலாவது ஆள் நீ. உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

"கல்யாணம் பண்ணிக்கொண்டு அமெரிக்கா வர எந்த விசா சீக்கிரம் கிடைக்கும் அக்கா?" என்று கேட்டாய். நானும் அன்றைக்கு இதையேதான் கேட்டேன். நிச்சயித்தவரைக் கல்யாணம் செய்ய வரும் கே-1 விசா என்றார்கள். கே-1ல் வந்தேன். அத்தானோடு நன்றாகத்தான் இருக்கிறேன், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வியே தப்பு என்று வந்த பிறகுதான் புரிந்தது.

அதற்கு முன் ஒன்று. "அவர் அங்கேயே செட்டில் ஆனவர்" என்று சொன்னாய். இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பாரத்தைக்கூட நிரப்ப முடியாது. அவர் சிட்டிசனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா, ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரா? கே-1 என்ற வருங்கால வாழ்க்கைத் துணை விசாவுக்கு அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே மனு போட முடியும். கிரீன் கார்டுக்காரர் கல்யாணம் செய்துகொண்டு மனைவிக்காக மனு போடலாம், ஆனால் அது எஃப்2ஏ என்ற பிரிவில் போய் நிற்கும். அந்தப் பிரிவுக்கு வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை வரம்பு உண்டு, அதனால் வரிசையும் உண்டு. குடிமகனின் மனைவிக்கு அந்த வரம்பே இல்லை. ஹெச்-1பி என்றால் நீ அவர் மனைவியாக ஹெச்-4 விசாவில் வரலாம். அதற்கும் முதலில் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், நிச்சயம் மட்டும் போதாது. ஹெச்-4ல் வேலை பார்க்க 2015லிருந்து வழி இருக்கிறது. ஆனால் அவருடைய கிரீன் கார்டு வேலைகள் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அது உனக்குப் பொருந்தும்.

சரி, அவர் சிட்டிசன் என்றே வைத்துக்கொள்வோம். அப்படித்தான் நீ சொன்னதாக எனக்கு ஞாபகம். அப்போது உன் முன்னால் இரண்டு வழி. ஒன்று, கல்யாணத்துக்கு முன்பே அவர் கே-1க்கான ஐ-129எஃப் மனு போடுவது. நீ கே-1ல் வந்து இறங்கி, 90 நாளுக்குள் அவரையே கல்யாணம் செய்து, அதற்குப் பிறகு இங்கே இருந்தபடி ஐ-485 போட்டு கிரீன் கார்டு கேட்க வேண்டும். இரண்டாவது, முதலில் கல்யாணம், அப்புறம் குடும்பத்தாருக்கான ஐ-130 மனு. நீ இருக்கும் இடத்திலேயே நேர்காணல் முடிந்து, நிரந்தரக் குடியிருப்பு விசாவோடு விமானம் ஏறுவாய். இதை சிஆர்-1 என்பார்கள். நீ நாட்டுக்குள் நுழையும்போது கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தால் அதுவே ஐஆர்-1.

என் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான். நான் வந்து இறங்கியபோது கையில் இருந்தது ஒரு முறை மட்டும் உள்ளே வர உதவும் விசா. நாற்பதாம் நாள் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அடுத்த வாரமே ஐ-485ஐ அனுப்பினோம். அதோடு வேலை அனுமதி கேட்டோம், பயண அனுமதியும் கேட்டோம். வேலை அனுமதி ஏழு மாதம் கழித்து வந்தது. அந்த ஏழு மாதமும் எனக்கு வேலை இல்லை. காலையில் அவர் கிளம்பிப் போனதும் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டு வருடம் சம்பாதித்தவள், ஒரு செருப்பு வாங்கக்கூட அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. அவர் முகம் சுளித்ததே இல்லை. ஆனாலும் கேட்பது கேட்பதுதானே.

மூன்றாவது மாதம் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. உனக்கே தெரியும், ஆஸ்பத்திரியில் நீதான் கூட இருந்தாய். நான் ஏன் வரவில்லை என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. பயண அனுமதி கைக்கு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் கிரீன் கார்டு மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வர விசாவும் கிடையாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசர அனுமதி கேட்க ஒரு வழி இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. காகிதங்களைப் பார்த்துக்கொண்ட ஏஜென்டும் சொல்லவில்லை.

சிஆர்-1ல் வந்திருந்தால் இறங்கிய அன்றே நான் நிரந்தரக் குடியிருப்பாளர். மறுநாளே வேலை தேடலாம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்று மாலையே விமானம் பிடிக்கலாம். பிரிந்து காத்திருக்கும் காலம் அதில் கொஞ்சம் கூடலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பை உன் வீட்டில், உன் வேலையில், உன் சம்பளத்தில் இருந்துகொண்டு கழிப்பாய். நான் அதே காத்திருப்பை அடுத்தவர் வீட்டில் முடங்கிக் கழித்தேன். அதனால்தான் "எது சீக்கிரம்" என்பதை விட்டுவிட்டு, வந்து இறங்கும் நாளில் என் கையில் என்ன இருக்கும் என்று கேள் என்கிறேன்.

பணக் கணக்கு சின்ன விஷயம். இருந்தாலும் அவர் கேட்பார், சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரலில் மாறிய அட்டவணைப்படி கே-1 மனுவுக்கு 675 டாலர், விசாவுக்கு 265, ஐ-485க்கு 1,440. அதோடு வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630. கூட்டினால் 3,270. மனைவி வழியில் ஐ-130 காகிதத்தில் போட்டால் 675, ஆன்லைனில் 625. பிறகு விசாவுக்கு 325, அவர் தரும் ஆதரவு ஒப்பந்தத்தைச் சரிபார்க்க 120, கார்டுக்கு 235. எல்லாம் சேர்ந்து 1,300 சொச்சம். மருத்துவப் பரிசோதனைச் செலவு இதில் சேராது. கட்டணம் அடிக்கடி மாறும், மனு போடும் அன்று ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் பிடிமானம். கே-1ல் வந்தவள் யார் மனுவில் வந்தாளோ அவர் வழியாக மட்டுமே கிரீன் கார்டு கேட்க முடியும். வேறு விசாவுக்கும் மாற முடியாது. கல்யாணமான இரண்டாவது மாதமே ஆளின் குணம் தெரிந்து வெளியே வரத் தோன்றினால், உன் கையில் கார்டு இருக்காது. உன்னவர் அப்படிப்பட்டவர் என்று சொல்லவரவில்லை. ஆனால் நீங்கள் இருவரும் நேரில் சந்தித்தது மூன்றே முறை, ஒவ்வொரு முறையும் விடுமுறையில். விடுமுறையில் எல்லோருமே நல்லவர்கள்தான். அமெரிக்கச் சட்டமே இதை யோசித்திருக்கிறது. 2006 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டப்படி, மனு போடுகிறவர் மீது குடும்ப வன்முறை போன்ற குற்றப் பதிவு இருந்தால் விசா நேர்காணலின்போது அதை உனக்குச் சொல்ல வேண்டியது தூதரகத்தின் கடமை. கணவர் கொடுமைப்படுத்தினால் அவரை நம்பி இருக்காமல் மனைவி தானே மனு போடவும் 1994 முதல் வழி உண்டு. இதெல்லாம் உனக்குத் தேவைப்படாது என்றே நம்புகிறேன், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் உனக்காகக் கையெழுத்துப் போடும் ஐ-864 என்ற ஆதரவு ஒப்பந்தம் விளையாட்டுக் காகிதம் அல்ல. வருமானம் வறுமைக்கோட்டின் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 கணக்கில் இரண்டு பேர் குடும்பத்துக்கு வருடத்துக்கு சுமார் 26,437 டாலர். நீ குடியுரிமை வாங்கும் வரை, அல்லது சுமார் பத்து வருட வேலைக்கு ஈடான 40 காலாண்டுகள் கணக்கில் ஏறும் வரை அந்தப் பொறுப்பு அவருடையது. விவாகரத்து ஆனாலும் அது தீராது. அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், அதுதான் நியாயம்.

அப்படியானால் கே-1 யாருக்கு? இருக்கும் நாட்டில் சட்டப்படி கல்யாணம் செய்ய முடியாதவர்களுக்கு, உதாரணமாக ஒரே பாலின ஜோடிக்கு, அது பெரிய கதவு. மறுமணம் செய்கிறவளுக்கு 18 தாண்டிய பிள்ளை இருந்தாலும் அதுதான் வழி. மாற்றாந்தந்தையாக ஐ-130 போட வேண்டுமென்றால் பிள்ளைக்கு 18 முடிவதற்குள் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். கே-1ல் வருகிறவளோடு 21 வயதுக்குட்பட்ட பிள்ளை கே-2வில் வரலாம். உனக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே வந்து அவரோடு கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்றாய். 90 நாள் கெடுவை நீட்டிக்க முடியாது. வேலையை விட்டுவிட்டு வந்து, கெடுவை எண்ணிக்கொண்டு, ஒருவரை எப்படி இருந்து பார்ப்பாய்?

அப்புறம் அந்த ஏஜென்ட் சொன்னதாக நீ சொன்னாயே, "கல்யாணத்தை இப்போதே நடத்திவிடுங்கள், பதிவு மட்டும் செய்யாதீர்கள், கே-1 போடலாம்" என்று. அதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கமே போயிற்று. சட்டப்படி கல்யாணம் ஆனவளுக்கு கே-1 கிடையாது. பல இடங்களில் பதிவு இல்லாவிட்டாலும் சடங்கு நடந்தாலே அது கல்யாணம்தான். நேர்காணலில் மாலையும் கழுத்துமான படத்தைப் பார்த்துவிட்டு "ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதே" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அவர்களிடம் பதிவுச் சான்றிதழும் இருக்காது, ஐ-130க்கும் முதலிலிருந்து ஓட வேண்டும். ஒன்று கல்யாணம், இல்லையென்றால் நிச்சயம். நடுவில் நிற்காதே. வீடியோ அழைப்பில் கல்யாணம் செய்துகொள்வதும் ஆகாது. இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த கல்யாணத்தை, அதற்குப் பிறகு இருவருக்கும் தாம்பத்திய உறவு ஏற்பட்டாலொழிய, குடியேற்றச் சட்டம் ஏற்காது.

சுற்றுலா விசாவில் வந்து அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிடும் யோசனையை யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடு. சுற்றுலாவில் வந்து கல்யாணம் செய்துவிட்டுத் திரும்பிப் போவது குற்றமில்லை. தங்கும் எண்ணத்தை மறைத்து, அதிகாரியிடம் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்வதுதான் குற்றம். பொய் சொல்லி விசா வாங்கியதாகத் தீர்ப்பானால் வாழ்நாள் முழுக்க நுழையத் தடை வரும். விலக்கு கேட்கலாம், ஆனால் அதற்குப் படும் பாடு தனி.

உன் தோழி கனடாவுக்குச் சுலபமாகப் போய்விட்டாள் என்று ஒப்பிடாதே. கனடாவில் நிச்சயித்தவருக்கான விசா என்ற பிரிவே இல்லை. பொதுவாகக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், அல்லது ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிட்டனில் அந்த விசா ஆறு மாதம், அதில் வேலை பார்க்க முடியாது. அங்கே நிரந்தரமாகத் தங்கத் தேவையான ஐந்து வருடக் கணக்கில் அந்த ஆறு மாதமும் சேராது. ஆஸ்திரேலியாவின் 300ஆம் எண் விசாவில் ஒன்பது முதல் பதினைந்து மாதம் தருகிறார்கள், வேலையும் பார்க்கலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. அவளுக்குச் சரியாக இருந்தது உனக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை.

நீ சிஆர்-1ல் வந்தாலும் முதல் கார்டு இரண்டு வருடத்துக்குத்தான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு எல்லாவற்றிலும் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். நாங்கள் கேஸ் பில்லில் என் பெயரைச் சேர்க்க மறந்து, கடைசி மாதத்தில் பட்ட அவஸ்தையை அத்தான் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

இந்த வாரம் அவரிடம் மூன்று விஷயம் கேள். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? இதற்கு முன் கல்யாணம் ஆகியிருந்தால் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் இருக்கிறதா? வேறு யாருக்காவது முன்பு கே-1 மனு போட்டிருக்கிறாரா? கேட்கக் கூச்சமாக இருந்தால் அக்கா கேட்கச் சொன்னாள் என்று என் தலையில் போட்டுவிடு. மூன்றுக்கும் பதில் வந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு, இந்த முறை தூங்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா