முதலில் அந்த வால்வைத் தேடு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் பேசும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "சிங்குக்கு அடியில் லேசாகச் சொட்டுதும்மா, ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன்" என்று. சொல்லிவிட்டு நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். என் மனசு அந்தக் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய். எழுதி அனுப்பினால் ஒருநாள் எடுத்துப் பார்ப்பாய் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது உனக்கு நான்கு வயது, நினைவிருக்காது. நள்ளிரவு தாண்டியபின் குளியலறைப் பக்கம் பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். வாஷ்பேசினுக்கு அடியில் கம்பி வலை பின்னிய ஹோஸ் இருக்குமே, அது நட்டுக்குப் பக்கத்தில் விட்டுப்போய் தண்ணீர் எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. உன் அப்பா துண்டைச் சுற்றி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். அது விரல் இடுக்கு வழியாக அவர் முகத்திலேயே பீய்ச்சியது. "மெயினை மூடு, மெயினை மூடு" என்று கத்துகிறார். வீட்டுக்குள் வரும் தண்ணீரையே நிறுத்துகிற அந்த மெயின் வால்வு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது!

தேடித் தேடி, பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்தோம். சக்கரம் மாதிரித் திருகுகிற பழைய கேட் வால்வு. எத்தனை வருடமாக யாரும் தொடாததோ, அசையவே இல்லை. அப்பா பலத்தையெல்லாம் போட்டுத் திருக, சக்கரம் மட்டும் கழன்று கையோடு வந்துவிட்டது. கடைசியில் பிளம்பர் வந்து, மீட்டர் பெட்டிக்குள் இருந்த இன்னொரு வால்வை மூடினார். அதற்குள் தண்ணீர் படுக்கையறை வாசலைத் தாண்டிவிட்டது. நீ கட்டிலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய். இதில் வேடிக்கை என்னவென்றால், பேசினுக்கு அடியிலேயே, அந்த ஹோஸ் தொடங்கும் இடத்தில், சின்ன வால்வு ஒன்று இருந்திருக்கிறது. பதற்றத்தில் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

அதனால் இன்றைக்கே உன் வீட்டு மெயின் வால்வு எங்கே என்று பார். நீண்ட கைப்பிடி வைத்தது என்றால் கால் சுற்றுத் திருப்பினால் போதும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறந்திருக்கிறது. சக்கரம் வைத்தது என்றால் வலப்பக்கமாகப் பல சுற்று சுற்ற வேண்டும். எதுவானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து பார். இறுகியிருந்தால் முரட்டுத்தனம் காட்டாதே, ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிடு. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அந்த இடத்தைக் காட்டிவை.

குழாய் உடைந்தால் துண்டைத் தேடி ஓடாதே, வால்வுக்கு ஓடு. மூடியதும் தாழ்வான இடத்தில் உள்ள குழாயைத் திறந்துவிட்டால் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் உடைந்த இடத்துக்குப் போகாமல் அதன் வழியாக வடிந்துவிடும். வெந்நீர் ஹீட்டரையும் அணைத்துவிடு, தொட்டி காலியானபின் அது சூடேறிக்கொண்டிருக்கக் கூடாது. கரண்ட் விஷயத்தில் மட்டும் வீரம் வேண்டாம். மெயின் சுவிட்ச் இருக்கும் இடம் காய்ந்திருந்தால் அணை. தண்ணீரில் நின்றபடி சுவிட்ச் பலகையைத் தொடவே தொடாதே. மேல்தளக் குழாய் உடைந்து சீலிங் பலகை வயிறு மாதிரித் தொங்கினால், அடியில் வாளி வைத்து, ஒதுங்கி நின்று, சின்னதாக ஒரு துளை போடு. இல்லாவிட்டால் மொத்தமும் ஒரேயடியாக இடிந்து விழும். ஒரு ரப்பர் துண்டைச் சுற்றி கிளாம்ப் என்கிற இறுக்கும் பட்டையைப் போட்டு முடுக்கினால் சின்ன விரிசல் பிளம்பர் வரும்வரை தாங்கும், அவ்வளவுதான். ஈரத்தை ஒரு நாள், இரண்டு நாளுக்குள் காயவைத்துவிடு, பூஞ்சை அதற்கு மேல் காத்திருக்காது. துடைக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள், இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பார்கள்.

உன் ஊரில் குளிர்காலம் நெருங்குகிறது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஐஸ் கட்டிய இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லையாம். ஐஸ் ஒரு அடைப்பானாக வளர்ந்து, தனக்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவில் சிக்கிய தண்ணீரை நெருக்குகிறது. அந்த அழுத்தம் தாங்காமல்தான் குழாய் பிளக்கிறது. கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டுவைக்கச் சொல்வதன் காரணம் இதுதான், அழுத்தம் வெளியேற ஒரு வழி இருக்கும். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க் என்றால் கீழ் அலமாரிக் கதவைத் திறந்துவை, அறைச் சூடு உள்ளே போகட்டும். தோட்டத்து ஹோஸை இப்போதே கழற்றிவிடு. கூரைக்கு அடியிலும் காரேஜிலும் போகும் குழாய்களுக்கு நுரை உறை மாட்டு. ஊருக்குப் போகும்போது ஹீட்டிங்கை ஒரேயடியாக அணைத்துவிட்டுப் போகாதே, 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விடாதே. அதில் மிச்சம் பிடிக்கிற காசை நான் தருகிறேன்.

ஒருநாள் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாக வருகிறதா? உறைந்திருக்கிறது என்று அர்த்தம். குழாயைத் திறந்தபடியே விட்டு, ஹேர் டிரையரால் குழாய்முனையிலிருந்து தொடங்கி, உறைந்த இடத்தை நோக்கிப் போ. நெருப்பு காட்டவே கூடாது. ஏற்கெனவே பிளந்திருந்தாலும் ஐஸ் உருகும்வரை தண்ணீர் வெளியே வராது. அதனால் ஒரு கையில் டிரையர் இருக்கும்போதே மனசு மெயின் வால்வில் இருக்கட்டும்.

எந்தக் குளிரும் இல்லாத இரவில்தான் நம் வீட்டு ஹோஸ் போனது. அதற்கும் ஆயுள் உண்டு. வாஷிங் மெஷின் ஹோஸையும் சிங்க் ஹோஸையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. நட்டு ஓரத்தில் துரு, பின்னலில் ஒரு கம்பி அறுந்து நிற்பது, நடுவில் புடைப்பு, இதில் எது தெரிந்தாலும் அன்றே மாற்று. குழாயை மூடும்போது சுவருக்குள் 'டங்'கென்று இடிக்கிறது என்றால் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல். 'பார்' என்ற அலகில் அளப்பார்கள், 5.5 பாருக்கு மேல் போனால் அழுத்தம் குறைக்கும் வால்வு போடவேண்டும்.

அந்தக் கிண்ணத்தை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்து, சொட்டுவது நட்டிலா ஹோஸிலா என்று சொல். மெயின் வால்வையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கைப்பிடியா சக்கரமா என்று உன் அப்பா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா