செயலாளரின் ஆண்டறிக்கை: பத்துப் பொறுப்புகளும் ஒரு மொய் நோட்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பக்கவாதத்திலிருந்தும் முதுகுத்தண்டுக் காயத்திலிருந்தும் தேறிவருவோருக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்வோருக்குமான நமது சங்கம் மே தவிர எல்லா மாதமும் கூடியது. மே மாத வேலூர் வெயிலை இந்தச் சபைக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வாண்டு, அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் செயல்முறை மருத்துவத்தின் ஆய்வுகள் எப்பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கூடிப் படித்தோம். விரல் எவ்வளவு மடங்குகிறது, பிடி எத்தனை கிலோ என்பதோடு கணக்கு நிற்பதில்லை. 2001இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட, உடல் இயக்கமும் இயலாமையும் பற்றிய வகைப்பாட்டில் சமூகப் பங்கேற்புக்கும் இடம் உண்டு. கனடாவில் 1991இல் வந்த அளவீட்டில், தனக்கு எது முக்கியம் என்று நோயாளியே பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்.

ஒருவர் வாழ்க்கையில் என்னென்னவாக இருக்கிறார் என்று கேட்க அமெரிக்காவில் 1980களில் உருவான ஒரு பட்டியல் எங்களை இரண்டு கூட்டம் பிடித்துவைத்தது. மாணவர், ஊழியர், நண்பர், வீட்டைப் பராமரிப்பவர், வழிபாட்டில் கலந்துகொள்பவர் என அதில் பத்து உண்டு. இவற்றைத் தமிழில் எப்படி அழைப்பது? ‘பங்கு’ என்றால் பங்குச்சந்தை, ‘பாத்திரம்’ என்றால் அடுப்படி என்று சிரிப்பு. கடைசியில் ‘பொறுப்பு’ நிலைத்தது.

சத்துவாச்சாரி உறுப்பினர் ஒருவர் எழுந்து, “இதில் நான் எங்கே?” என்றார். உறவில் எந்தக் கல்யாணமானாலும் மொய் எழுதுபவர் அவர். வலக்கை விழுந்த பிறகு பந்தியில் உட்காரவைத்து உபசரித்தார்களே தவிர, நோட்டை யாரும் நீட்டவில்லை. பத்தில் எதிலும் அவர் சரியாகப் பொருந்தவில்லை, பதினொன்றாவதாக எழுதிக்கொண்டோம். ஆறு மாதம் இடக்கையால் கோடு போட்ட நோட்டில் பழகினார். தை முகூர்த்தத்தில் காட்பாடியில் மொய் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல், கூட்டல் சரி.

இது இறக்குமதிச் சரக்கு என்று ஒருவர் முணுமுணுத்தார்; நான் ஏற்கவில்லை. தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையில் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட், அந்தக் கைகளுக்குத் தச்சுவேலை பழக்கியது இவ்வூரில்தான். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீசின் முயற்சியில் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது 1966இல்.

ரேஷன் கடைக்குச் சாய்தளம் கேட்டு மூன்று மனு கொடுத்தோம். பதில் இல்லை. நான்காவது மனுவில் இன்று கையொப்பம் வாங்குகிறோம்; எழுதியவர் மேற்படி மொய்க்காரரே.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்